ஃபீஸ் வாங்காத கணக்கு

ஜனவரி 9

தம்பிக்கு,

ஃபோனில் கேட்டிருக்கலாமே என்று நினைப்பாய். ஃபோனில் கேட்டால் நீ பேசுவாய். நீ பேசினால் எனக்கு எல்லாம் சரியாகத்தான் படும். "ம், ம், சரிடா" என்று வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனால் நீ சொன்னதில் ஒரு வார்த்தை நினைவிருக்காது. அதனால்தான் எழுதிக் கேட்கிறேன். நீயும் எழுதியே பதில் சொல். மூன்று தடவை படித்தாலாவது என் மண்டையில் ஏறும்.

விஷயம் இதுதான். லாண்டரியை விற்ற பணத்தை நீ காட்டிய ஃபண்டில் போட்டேன். நீ விரல் வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். மாதாமாதம் அதிலிருந்து ஒரு தொகை வருகிறது, அதில் குறையில்லை. ஆனால் ஃபண்டுக்காரர்கள் அனுப்பும் தாளில் மொத்தம் என்று ஓர் எண் போடுகிறார்களே, அது ஒவ்வொரு தடவையும் இளைத்துக்கொண்டே வருகிறது. நூறு போட்ட இடத்தில் இப்போது எண்பத்தைந்துகூட இல்லை. "இது ஷேர் இல்லக்கா, கடன் பத்திரம். நீ தூங்கும்போதுகூட வட்டி வரும்" என்று சொன்னது நீதான். தூங்கும்போது கரையும் என்று சொல்லவில்லை. டிவியைத் திறந்தால் வட்டி ஏறுகிறது, ஏறுகிறது என்கிறார்கள். வட்டி ஏறினால் வட்டி வாங்குகிறவளுக்கு நல்லதுதானே? எனக்கு மட்டும் ஏன் இறங்குகிறது?

போன ஞாயிறு மடிப்பு வந்திருந்தாள். உனக்கு அவளைத் தெரியும். என் கடையில் இஸ்திரி மேஜையில் நின்றவள். அவள் மடித்த சட்டையைப் பிரிக்க மனசு வராது என்று வாடிக்கைக்காரர்கள் வைத்த பெயர் அது. கடையை விற்றபிறகு ஒரு ஹோட்டலின் அடித்தளத்தில் படுக்கை விரிப்பு தேய்க்கிறாள். "ஃபண்டு எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டாள், ஜுரத்தில் கிடக்கும் பிள்ளையை விசாரிப்பதுபோல. நல்லாருக்கு என்று சொல்லிவிட்டேன். சொன்னபிறகு மனசு ஒரு மாதிரியாகிவிட்டது.

பூசி மெழுகாமல் எழுது.

அக்கா


ஜனவரி 16

அன்புள்ள அக்கா,

உறைமேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பதறிவிட்டேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உன் பணத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை.

உன் ஃபண்டில் இருப்பவை நீண்ட காலக் கடன் பத்திரங்கள். அரசாங்கமும் பெரிய கம்பெனிகளும் பதினைந்து, இருபது வருஷத்துக்குக் கடன் வாங்கிக்கொண்டு, வருஷத்துக்கு நூறுக்கு ஐந்து தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தவை. இப்போது வெளியில் வட்டி ஏழுக்குப் பக்கம் வந்துவிட்டது. புதிதாக வரும் பத்திரம் ஏழு தரும்போது உன்னுடைய ஐந்தை முழு விலைக்கு எவன் வாங்குவான்? குறைத்துக் கொடுத்தால்தான் வாங்குவான். அந்தக் குறைந்த விலையைத்தான் தாளில் போடுகிறார்கள். நீ விற்றால்தான் அது நஷ்டம். விற்காதவரை வெறும் எண். நாளாக ஆக ஃபண்டுக்குள்ளேயே பழைய பத்திரங்கள் கழிந்து அதிக வட்டி தருபவை வந்து சேரும். மாத வரவு கொஞ்சம் கூடும், விலையும் மெல்ல எழுந்துகொள்ளும். உனக்கு அந்தப் பணம் இப்போது தேவையில்லை, வயதான காலத்துக்குத்தானே. பொறுத்திரு.

இனிமேல் அந்தத் தாள் வந்தால் பிரிக்காமல் டிராயரில் போடு. தினம் விலை பார்ப்பவனுக்கு முடிதான் கொட்டும். சந்தேகமிருந்தால் என் தலையைப் பார். மடிப்பை விசாரித்ததாகச் சொல்.

உன் தம்பி


ஜனவரி 30

தம்பி,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். புரிந்தது. புரிந்த சந்தோஷத்தில் இரண்டு வாரம் நன்றாகத் தூங்கினேன். நேற்று கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளப் போனேன்.

நம் பல் டாக்டர்தான். நான்தானே அவரை உன்னிடம் அனுப்பினேன், பணத்தை எங்கே போடுவது என்று சொல்ல என் தம்பி மாதிரி ஆள் கிடையாது என்று. மரத்துப்போகிற ஊசி போட்டுவிட்டு, நான் வாயைப் பிளந்து கிடக்கும்போது அவர் பேசிக்கொண்டே வேலை பார்க்கிறார். "உங்க தம்பி கெட்டிக்காரர்மா. போன ஜூன்லயே லெட்டர் போட்டாரு. வட்டி ஏறப்போகுது, நீண்ட காலப் பத்திரத்துல இருந்தா வெளிய வந்துடுங்க, குறுகிய காலத்துக்கு மாத்திக்கங்கன்னு. அன்னைக்கே மாத்தினேன். தப்பிச்சேன்." நான் என்ன சொல்ல? வாய் முழுக்கப் பஞ்சு. "ஆ" என்றேன். அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு, "உங்களுக்குச் சொல்லவே வேணாம், கூடப்பிறந்தவங்க, முதல்லயே மாத்தியிருப்பாரு" என்றார்.

அந்த நாற்காலியில் எனக்குப் பல் வலிக்கவில்லை. அவமானமாக இருந்தது. ஊருக்கெல்லாம் ஜூனில் சொன்னவன் எனக்கு ஜனவரியில், அதுவும் நானே கேட்டபிறகு, தாளை டிராயரில் போடச் சொல்கிறான்.

எனக்கு ஏன் சொல்லவில்லை? வட்டி, பத்திரம் என்று காதில் பூ சுற்றாதே. ஏன் சொல்லவில்லை என்பதற்கு மட்டும் பதில் எழுது.

அக்கா


பிப்ரவரி 5

அக்கா,

இந்தக் கடிதத்தை எத்தனை தடவை கிழித்தேன் என்று கேட்காதே. என் வீட்டுக்காரி குப்பைக்கூடையைப் பார்த்துவிட்டு "யாருக்கு இவ்வளவு எழுதறீங்க?" என்றாள். அக்காவுக்கு என்றேன். "அப்போ உண்மையை எழுதுங்க, சீக்கிரம் முடியும்" என்றாள். அவளுக்கு விஷயம் தெரியாது. தெரியாமலே சரியாகச் சொன்னாள்.

கட்டணம் கட்டுகிறவர்களின் பட்டியல் ஒன்று ஆபீசில் இருக்கிறது. ஜூனில் அந்தப் பட்டியலை வைத்துத்தான் கடிதம் போனது. ஒவ்வொன்றிலும் நான் கையெழுத்துப் போட்டேன், கை வலிக்க வலிக்க. உன் பெயர் அதில் இல்லை. ஏனென்றால் உன்னிடம் நான் கட்டணம் வாங்கவில்லை. வளர்த்த அக்காவிடம் ஃபீஸ் வாங்குவதா என்று, உன்னைப் பட்டியலில் சேர்க்காமல் "இது நம்ம வீட்டு விஷயம், நானே பார்த்துக்கறேன்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். நானே பார்க்க வேண்டியதை நான் பார்க்கவில்லை. அவ்வளவுதான். ஊரார் எல்லாருக்கும் ஒரு நாள் ஒதுக்கி, எப்போது பணம் தேவை என்று கேட்டுக் கேட்டு மாற்றிக்கொடுத்தேன். உன்னிடம் அந்தக் கேள்வியை ஒருநாளும் கேட்டதில்லை.

நவம்பரில்தான் நினைவு வந்தது. ஷேவ் செய்துகொண்டிருந்தேன். அப்படியே நின்றுவிட்டேன். அதற்குள் நிறைய இறங்கியிருந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். வட்டி திரும்பிவிடும், விலை ஏறிவிடும், அக்காவுக்குத் தெரியவே வேண்டாம் என்று நாளைக் கடத்தினேன். போன கடிதத்தில் எழுதினேனே, அதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. ஆனால் உன் வாயை அடைக்கத்தான் எழுதினேன்.

ஃபண்டில் உனக்குக் குறைந்துபோன தொகைக்குக் காசோலை இணைத்திருக்கிறேன். தயவுசெய்து வங்கியில் போடு. உன் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று தெரியவில்லை.

தம்பி


பிப்ரவரி 12

தம்பி,

காசோலையை இதோடு திருப்பி வைத்திருக்கிறேன். உன்னைத் திட்டி நாலு பக்கம் எழுதினேன். எழுதி முடித்ததும் என் மேலேயே எனக்குச் சிரிப்பு வந்தது. நான் மட்டும் ஒழுங்கா?

அந்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு மடிப்பினுடையது.

கடையை விற்றபோது, இத்தனை வருஷம் நின்றதற்கு என்று அவளுக்கு ஒரு தொகை கொடுத்தேன். வாங்கினாள், எண்ணக்கூட இல்லை. அதன் மேல் தன் சேமிப்பையும் வைத்து என்னிடமே நீட்டினாள். "உங்க தம்பி உங்களுக்கு எங்க போடறாரோ அங்கயே போட்டு வைங்கக்கா." எனக்குத் தலைகால் புரியவில்லை. என் தம்பி பேருக்கு இவ்வளவு மரியாதையா என்று. தனியாகப் போட்டால் உங்கள் ஆபீசில் அவளிடம் ஃபீஸ் பிடிப்பீர்களே, பாவம், அவள் ஏன் கட்ட வேண்டும் என்று என் பெயரிலேயே சேர்த்தேன். பெரிய உதவி செய்கிற நினைப்பு. உன்னிடம் சொன்னால் தனியாக எழுதச் சொல்வாய் என்று சொல்லவும் இல்லை. அவள் பெயரில் போட்டிருந்தால் அவளுக்கு ஜூனில் உன் கடிதம் வந்திருக்கும்.

நேற்று ஓடி வந்தாள். பஸ் நிலையத்துக்குப் பின்னால் சின்னதாக ஒரு கடை காலியாகிறதாம். சொந்தமாக இஸ்திரிக் கடை போடப்போகிறாள். மேஜை எந்தப் பக்கம், ஜன்னல் எந்தப் பக்கம் என்று என் சாப்பாட்டு மேஜையில் விரலால் வரைந்து காட்டினாள். ஈரத்திலும் ஆவியிலும் நின்று அவளுக்குப் பாதமெல்லாம் வெடிப்பு. மார்ச் கடைசிக்குள் அட்வான்ஸ் கட்ட வேண்டும். "அந்தப் பணத்தை எடுத்துடலாமாக்கா?" என்றாள். அவள் சொன்ன அட்வான்ஸ், அவள் போட்ட தொகைக்குச் சரியாக இருக்கிறது. இப்போது விற்றால் பத்தாது. உன் "பொறுத்திரு" அவளுக்கு உதவாது.

என்னால் சொல்ல முடியவில்லை. வாய் கூசுகிறது. உன் காசோலை எனக்கு வேண்டாம். நீ வா. உன் வாயால் அவளிடம் சொல்.

அக்கா


பிப்ரவரி 20

அக்கா,

தலையில் யாரோ தட்டியதுபோல இருக்கிறது. மடிப்புக்கு என்று தெரிந்திருந்தால் நான் அந்த ஃபண்டின் பக்கமே போயிருக்க மாட்டேன். இரண்டு வருஷத்தில் தேவைப்படும் பணத்தை இருபது வருஷப் பத்திரத்தில் போடுவதா? இதைத்தானே எல்லாருக்கும் முதல் பாடமாகச் சொல்கிறேன்.

ஒரு வழி இருக்கிறது. அவளுடைய பங்கை விற்போம். குறைவதை நான் உன் கணக்கில் போட்டுவிடுகிறேன். நீ முழுத் தொகையாக அவளிடம் கொடுத்துவிடு. அவளுக்கு ஒன்றும் தெரிய வேண்டாம். உன் மீதியை மூன்றாகப் பிரிப்போம். ஒரு பங்கு குறுகிய காலப் பத்திர ஃபண்ட், விலை அவ்வளவாக ஆடாது. இன்னொரு பங்கு, வெளியில் வட்டி ஏறினால் தானும் ஏற்றித்தரும் பத்திரங்கள். கடைசிப் பங்கு வங்கியில் வைப்பு, அதையும் ஒரே தவணையாகப் போடாமல் ஆறு மாதத்துக்கு ஒன்று முதிர்வதுபோல. வட்டி இன்னும் ஏறினால் முதிர்ந்ததை எடுத்து அதிக வட்டிக்குப் போடலாம்.

இப்போது ஆபீசில் கணக்கு வருஷக் கடைசி. லீவு கேட்க முடியாத நேரம். ஏப்ரலில் கட்டாயம் வருகிறேன்.

தம்பி


பிப்ரவரி 25

திட்டம் நன்றாக இருக்கிறது. அப்படியே செய்வோம். ஆனால் நான் கேட்டது திட்டமில்லை.

என் கையால் அவளுக்கு இன்னொரு பொய்யைக் கொடுக்கச் சொல்கிறாய். இஸ்திரிப் பெட்டி சுட்ட கையை அவள் ஒருநாளும் என்னிடம் மறைத்ததில்லை. சுட்ட துணியையும் மறைத்ததில்லை. "அக்கா, காலர் கருகிடுச்சு" என்று தானாகவே கொண்டுவந்து நிற்பாள். வாடிக்கைக்காரர் வந்தால் அவளேதான் போய்ச் சொல்வாள்.

வருகிறாயா, இல்லையா?

அக்கா


மார்ச் 14

அக்கா,

வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நடந்ததைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. சாப்பிட்டுப் படுத்தோம். இப்போது எழுதாவிட்டால் எப்போதும் எழுத மாட்டேன்.

ரயிலில் வரும்போதே சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். மடிப்பு வந்து உட்கார்ந்தாள். நீ டீ கொடுத்தாய். நான் தொண்டையைக் கனைத்தேன். அதற்குள் நீ ஆரம்பித்துவிட்டாய். "தம்பி மேல தப்பில்லடி. போன ஜூன்லயே மாத்தச் சொன்னான். நான்தான் இன்னைக்கு நாளைக்குன்னு சோம்பேறித்தனமா விட்டுட்டேன். உன் காசையும் சேர்த்துக் கெடுத்துட்டேன்." நான் அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும். ஒரு வாய் டீ குடித்தேன். அந்த ஒரு வாய் டீயை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. நீ பொய் சொல்கிறாய், அதுவும் எனக்காக, நான் கப்பை ஊதிக் குடிக்கிறேன். அவள் உன்னைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். "பரவால்லக்கா" என்றாள். எழுந்து போனாள்.

மறுநாள் காலை ரயிலுக்குப் போகிறேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டு அந்த ஹோட்டலுக்குப் போனேன். பின்பக்கப் படி வழியாகக் கீழே விட்டார்கள். அவள் துணி தேய்க்கும் பெரிய உருளை இயந்திரத்தில் விரிப்புகளை விட்டுக்கொண்டிருந்தாள். சத்தத்துக்கு நடுவில் கத்திக் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. அக்காவுக்கு நான் சொல்லவேயில்லை, ஜூனில் எல்லாருக்கும் சொன்னேன், அக்காவை மறந்துவிட்டேன், நேற்று அக்கா சொன்னது பொய் என்றேன். பக்கத்து மேஜைப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் விரிப்பை விடுவதை நிறுத்தவில்லை. "நேத்தே தெரியும் சார். நீங்க சொல்லுவீங்கன்னு அக்கா வீட்டுப் படி இறங்கற வரைக்கும் பார்த்தேன்" என்றாள். குறைவதை நான் தருகிறேன் என்றேன். "உங்க காசு வேணாம். உங்ககிட்ட நான் குடுக்கலயே. அக்காகிட்டதான் குடுத்தேன். இருக்கறதை வித்துக் குடுக்கச் சொல்லுங்க, எவ்வளவு வருதோ வரட்டும்." அடுத்த விரிப்பை எடுத்துக்கொண்டே, "இப்ப இங்க வந்து சொன்னது யாருக்காக சார்? எனக்கா, உங்களுக்கா?" என்றாள். 

அவளுடைய பங்கை விற்கச் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை உன் கணக்குக்கு வரும். படியேறித் தெருவுக்கு வந்தபோது பல நாள் கழித்து மூச்சு சுலபமாக வந்தது. அதற்கும் சேர்த்து வெட்கப்படுகிறேன்.

தம்பி


மார்ச் 29

தம்பி,

பணம் வந்தது. அன்றே மடிப்பிடம் கொடுத்தேன். குறைந்ததை என் பணத்திலிருந்து வைத்து நீட்டினேன். எண்ணிப் பார்த்து, அதிகமாக இருந்ததைத் தனியாக எடுத்து மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். முதல் தடவையாக என் எதிரில் எண்ணினாள்.

நீ ஏன் டீ குடித்தாய் என்று நான் கேட்கப்போவதில்லை. ஏன் பொய் சொன்னேன் என்று எனக்கே இப்போதுதான் புரிகிறது. உன்னை வரச் சொன்னது நான்தான். உண்மையைச் சொல்லத்தான் வரச் சொன்னேன். ஆனால் நீ வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாய். கழுத்தெல்லாம் வியர்வை. உன் வாய் திறப்பதற்குள் என் வாய் திறந்துவிட்டது. பொய்யைச் சொல்லிவிட்டு உன்னைப் பார்த்தேன். "இல்லக்கா" என்று நீ சொல்வாய் என்று பார்த்தேன். நீ கப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

பிறகு நீயாகப் போய்ச் சொன்னாய். சொன்னது சரிதான், சொல்லாமல் இருந்திருந்தால் உன்னை மன்னித்திருக்க மாட்டேன். ஆனால் போகுமுன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் கூட வந்து நின்றிருப்பேன். நீ உன் பாரத்தை இறக்கி வைத்துவிட்டு ரயில் ஏறிவிட்டாய். உனக்கு மூச்சு சுலபமாக வந்தது. பொய்க்காரி என்ற பெயரோடு இங்கே இருப்பது நான்.

அந்தக் கடை போய்விட்டது. யாரோ செருப்பு வியாபாரி முழு அட்வான்ஸையும் வைத்து எடுத்துக்கொண்டான். இன்று வந்து அவளே சொன்னாள். முகத்தில் கோபமில்லை. கோபமிருந்தால் நான் காலில் விழுந்தாவது சமாதானம் செய்திருப்பேன். வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்காராமல் கதவோரமாக நின்றாள்.

"காசு போனதுக்கு ஒண்ணும் சொல்லலக்கா" என்றாள். "உங்களுக்கும்தானே போச்சு. இத்தனை வருஷம் ஒரே மேஜையில எதிரெதிரா நின்னோம். என்கிட்ட பொய் சொல்ல உங்களுக்கு எப்படிக்கா மனசு வந்துச்சு? நான் வெளியாளா?"

எவ்வளவோ சொல்லியிருக்கலாம். இல்லடி, நீயும் என் கூடப்பிறந்தவ மாதிரிதான் என்று சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்தது, "அவன் என் தம்பிடி" என்பதுதான்.

அவள் தலையாட்டினாள். "அதான் கேட்டேன்" என்றாள். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

எங்கள் வீட்டு வாசலில் அவள் செருப்பு மாட்டும்போது "வரேங்கா" என்பாள். கடையில் சண்டை போட்டுக்கொண்டு போன நாளில்கூட அதை விட்டதில்லை. இன்றைக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்த்து, "போறேங்கா" என்றாள்.

அக்கா